வெறும் விளையாட்டா?

கேள்வி: ஷெர்லி போவிச் என்ற அமெரிக்க அம்மையார் ஒரே நாளிதழில் 75 ஆண்டு விளையாட்டுப் பத்தி எழுதினாராமே! வெறும் விளையாட்டைப் பற்றி அவ்வளவு எழுத என்ன இருக்கிறது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அம்மையார் இல்லை ஐயா, மூன்று பிள்ளைகளின் தகப்பன். பெயரைப் பார்த்து ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை. அமெரிக்கப் பெண் பிரமுகர்களைத் தொகுத்த நூலிலேயே அவரைச் சேர்த்துவிட்டார்கள்! நம்மிடமும் ஜோதி, மணி உண்டே. ஜோதிக்கும் மணிக்கும் கல்யாணம் என்றால், பத்திரிகையில் செல்வன், செல்வி போடாமல் மாப்பிள்ளை யாரென்று சொல்ல முடியுமா?

பெயர் போகட்டும். அந்த 'வெறும்'தான் எனக்கு ஆறவில்லை.

போவிச் 1920-களில் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் சேர்ந்தவர். 1998 ஜூனில் இறந்தார். கடைசிப் பத்தி மறுநாள் அச்சில் வந்தது. அவர் ஊர் அமெரிக்கப் புட்பால் அணியான ரெட்ஸ்கின்ஸ், 1962 வரை ஒரு கறுப்பினத்தவரைக்கூட ஆடவிடவில்லை. முதலாளி ஜார்ஜ் மார்ஷல் அப்படி. போவிச் விடவில்லை, பத்தியில் வருஷக்கணக்காகக் குத்திக்கொண்டே இருந்தார். எதிரணியின் கறுப்பின ஆட்டக்காரர் ஜிம் பிரவுன் மூன்று முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த நாளில், 'பிறப்பாலேயே ரெட்ஸ்கின்ஸில் ஆடத் தகுதியற்றவர்' அவர்களுடைய எல்லைக்குள் மூன்று முறை நிறபேதத்தை ஒழித்தார் என்ற பொருளில் எழுதினார். கடைசியில், அரசு நிலத்திலுள்ள மைதானம் கிடைக்காது என்று கென்னடி அரசு மிரட்டிய பிறகுதான் மார்ஷல் இறங்கி வந்தார். இதில் எது ஐயா 'வெறும்'?

நம் மலைக்கு வாருங்கள். முன்பெல்லாம் சீசன் வந்தால் பத்திரிகைகளுக்கு ஊட்டி குதிரைப் பந்தயம் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் 1882-ல் ஊட்டி கிளப்பில் ஸ்நூக்கர் என்ற மேசை விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார்கள் என்று அதே பழைய கட்டுரை. நம் மலைக் கிராமங்களில், ஹட்டிக்கு ஹட்டி புட்பால் ஆடுகிறார்களே, அதற்கு நாலு வரி உண்டா? பல வருஷமாகக் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

போன மாதம் ஓர் ஆட்டம் பார்த்தேன். சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானம். கோல்கம்பத்துக்கு மேலே போகிற பந்து நேராகத் தேயிலைக்குள் விழும். எடுத்து வீச ஒரு பையன் கீழேயே நின்றான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது, கையெல்லாம் செடி கீறிய கோடு. அங்கிருந்து பார்த்தால் மண்மேடுதான் தெரியும், மைதானம் தெரியாது. விசில் ஊதி முடிந்ததும் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து என்னிடம் கேட்டான்: "அண்ணா, யார் ஜெயிச்சது?"

அடுத்த இதழில் அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.