நாலு ரூம் கட்டும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: ராமேஸ்வரத்தில் கடலிலிருந்து 300 மீட்டர் தள்ளி 5 சென்ட்டில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி. மாடியில் நாலு ரூம் கட்டி யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விட நினைக்கிறேன். முதலில் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் ஐயா?

பதில்: ஆபீசுக்கு அப்புறம் போகலாம். முதலில் தண்ணீர்க் கணக்கு. ரூமுக்கு மூன்று பேர் என்றால் 12 பேர். விடுதிகளில் ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று பொறியாளர்கள் வைப்பார்கள். ஆக 2,160 லிட்டர். அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் ஈரத் துணியையும் ரூமில்தான் அலசுவார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கிணறு தாங்குமா? தீவின் மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியில் பாதியை இறக்கினீர்கள் என்றால், நாளடைவில் உப்பு 20 அடி மேலே ஏறும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்தே கெடும். சட்டமும் இதைத் தொடுகிறது. கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு வழியில்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்துக் குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்வளத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்கிறது கடலோரத்தில் எதைச் செய்யலாம், கூடாது என்று மத்திய அரசு வகுத்த 2011 கடலோர மண்டல அறிவிக்கை. லாட்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, லாரித் தண்ணீர் வாங்கிவிடலாம். போகிற தண்ணீர்? கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அது 59 அடி. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. 33க்கு 66 அடி மனை என்றால் ஒரு கோடியில் கிணறும் மறு கோடியில் குழியும் வைத்தால்தான் தேறும். அப்படி வைத்தாலும் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு நிற்கும்! மணலில் கழிவுநீர் சட்டென்று இறங்கிவிடும், வடிகட்டப்பட நேரமே இருக்காது. ருசியை வைத்து நம்பாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

நகராட்சி செய்யாதா என்பீர்கள். 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை 44,856. உள்ளாட்சிக்கு வரும் நிதிப் பங்கீட்டில் பெரும்பகுதி தலைக்கணக்கைப் பார்த்துத்தான் வருகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அவர்கள் விட்டுப்போகும் குப்பையும் கழிவும் மட்டும் ஊரில் தங்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால், ரூம் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு கட்டணம் வாங்கி, அதைக் கழிவுநீருக்கென்றே ஒதுக்க வேண்டும். வாங்கினால் முணுமுணுப்பவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம், அது வேறு விஷயம்.

இப்போது ஆபீஸ். உங்கள் சர்வே நம்பர் கடலோர மண்டல வரைபடத்தில் எந்த வகையில் விழுகிறது, இன்று எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். 300 சதுர மீட்டருக்குள் என்றால் உள்ளாட்சி ஒப்புதலே போதும் என்று யாராவது சொல்வார்கள். அதன்பின் வந்த 2019 கடலோர மண்டல அறிவிக்கையில் அந்தச் சலுகை சொந்தக் குடியிருப்புக்குத்தான். வாடகை ரூமுக்கு அதை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள். வீட்டு வரியையும் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும்.

என் யோசனை, நாலு வேண்டாம். இருக்கிற வீட்டிலேயே இரண்டு ரூமை ஒழுங்குசெய்யுங்கள். உறிஞ்சுகுழிக்குப் பதில் கசியாத கான்கிரீட் தொட்டி கட்டி, நிறைந்ததும் உரிமம் உள்ள செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடுங்கள். குளியல் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து ஜல்லிப் படுகையில் விட்டு கல்வாழை நட்டால் தொட்டி சீக்கிரம் நிறையாது. லாரி டிரைவரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்றால் வேறு லாரி பாருங்கள்.