முதலில் ஒரு பிடிதுணி

அன்புள்ள அக்கா,

படியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் எலும்பு விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டில் இருக்கிறேன். பள்ளியில் படித்த காலத்தில் கற்ற குரோஷாவை, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவதை, மறுபடி கையில் எடுத்தேன். வீடியோ பார்த்து ஒரு பொம்மை, ஒரு மேல்சட்டை, ஒரு போர்வை என்று மூன்றைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். சதுரமாகத் தொடங்குவது மேலே போகப் போகக் குறுகுகிறது. வட்டம் போட்டால் ஓரம் நெளிகிறது. எளிதாக, முடிக்கக்கூடியதாக என்ன செய்யலாம்? மஞ்சள் உல்லன் நூல் நிறைய இருக்கிறது. "கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைப்பதற்கு ஏன் இந்தப் பாடு" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ச., தேவகோட்டை

அன்புள்ள ச.,

கால் நன்றாக ஆறட்டும். பின்னும்போது காலுக்குக் கீழே மட்டுமல்ல, இரண்டு முழங்கைகளுக்கு அடியிலும் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். கால் குணமாகும் நேரத்தில் தோள் பிடித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் விட்டுவிட்ட மூன்றுமே முதல் வேலைக்கு ஏற்றவை அல்ல. போர்வை பல மாத உழைப்பு. மேல்சட்டையில் அளவு பிசகியது கடைசியில்தான் தெரியும். பொம்மைக்கு உள்ளே பஞ்சு தெரியாதபடி இறுக்கிப் பின்ன வேண்டும். பழகாத கைக்கு அது வலி. உங்கள் அம்மா பால் பாத்திரத்தை எதைப் பிடித்து இறக்குகிறார்? பழைய பனியன் துணியாகவோ புடவைத் தலைப்பாகவோ இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பிடிதுணி பின்னுங்கள்.

அதற்கு உங்கள் மஞ்சள் உல்லன் வேண்டாம். நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். சூடான பாத்திரத்தில் பட்டால் உருகி விரலில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் நூலில் ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாகும். அக்ரிலிக் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். தடித்த பருத்தி நூலும் 4 மி.மீ. குரோஷா ஊசியும் போதும். வெளிர் நிறம் வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

31 செயின் (சங்கிலிபோல ஒன்றுக்குள் ஒன்றாக வரும் கண்ணி) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் (நெருக்கமாக வரும் குட்டைக் கண்ணி), 30 வரும். ஒரு செயின் போட்டுத் திருப்பி, முதல் கண்ணியிலேயே மறுபடி சிங்கிள். உங்கள் சதுரம் குறுகுவது இந்த இடத்தில்தான். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், அதை விட்டுவிட்டுத் திருப்பிவிடுவோம். வரிசைக்கு ஒன்று போனாலே சதுரம் முக்கோணமாகும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஓர் ஊக்கை மாட்டி வையுங்கள். முடிந்ததும் வாய்விட்டு எண்ணுங்கள். 30 இல்லையென்றால் அந்த வரிசையைப் பிரியுங்கள். பத்து வரிசை தாண்டினால் கை தானாக அந்த ஓரத்தைத் தேடும்.

எத்தனை வரிசை என்று கேட்காதீர்கள், நூலைப் பொறுத்து மாறும். மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். மேல் ஓரமும் பக்க ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சதுரம் ஆகிவிட்டது. இதேபோல் இன்னொன்று பின்னி, இரண்டையும் சேர்த்து வைத்து, சுற்றிலும் சிங்கிள் போட்டு இணையுங்கள். மூலைகளில் மட்டும் ஒரே கண்ணியில் மூன்று. கடைசியில் பத்து செயினை ஒரு வளையமாக்கினால் ஆணியில் மாட்டலாம். டபுள் என்ற உயரமான கண்ணி போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். வேண்டாம், இடைவெளி வழியே சூடு விரலுக்கு வந்துவிடும். பிடிதுணி ஈரமாக இருக்கும்போதும் பாத்திரம் பிடிக்க அதை எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிங்கிள், டபுள் என்று நான் சொல்வது அமெரிக்க வழக்கு. அவர்களுடைய சிங்கிளைத்தான் பிரிட்டிஷார் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் பிரிட்டிஷாருக்கு ட்ரெபிள். ஒருவர் எழுதியதைப் படித்துக்கொண்டு இன்னொருவர் வீடியோவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். குறிப்பில் எங்காவது சிங்கிள் என்ற சொல் வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வட்டம். சிங்கிளில் முதல் சுற்று 6, அடுத்தது 12, பிறகு 18, 24. சுற்றுக்கு ஆறு கூடினால் தட்டையாக வரும். குறைவாகக் கூட்டினால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். அதிகமாகக் கூட்டினால் உங்களுக்கு வந்ததைப் போல நெளியும். அந்த நெளிவைப் பார்த்து வருந்த வேண்டாம். லாத்வியாவிலிருந்து அமெரிக்கா போன கணிதப் பேராசிரியர் டைனா டைமினா, 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் அப்படி நெளியும் துண்டுகளைப் பின்னினார். ஹைப்பர்போலிக் தளம் என்ற, விரிய விரிய நெளியும் கணித வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்து மடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. காகிதத்தில் செய்தவை கிழிந்துபோயின; குரோஷா தாங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வட்டம் கைவந்ததும் வெங்காயம் தொங்கவிட ஒரு வலைப்பை. 36 கண்ணி வரை தட்டையாகப் பின்னுங்கள். பிறகு ஐந்து செயின், மூன்றாவது கண்ணியில் ஒரு சிங்கிள், மறுபடி ஐந்து செயின். சுற்றி வந்தால் 12 வளைவுகள் கிடைக்கும். அடுத்த சுற்றிலிருந்து ஐந்து செயின் போட்டு அந்த வளைவுகளின் நடுவில் சிங்கிள். வேண்டிய உயரம் வந்ததும் வளைவுக்கு மூன்று சிங்கிளாக வாயைக் கட்டி, பிடியை இறுக்கமாகப் பின்னுங்கள். பருத்தி கனத்தில் நீளும். மஞ்சள் உல்லனை டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டங்களாக்கலாம், கொதிக்கும் காபிக்கு மட்டும் வேண்டாம். வாசல் தோரணத்துக்கும் அந்த மஞ்சள் பொருத்தம்.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது. ஆனால் குரோஷாவைக் கையைப் போலவே பின்னும் இயந்திரம் ஆலைகளில் இல்லை. கடையில் முப்பது ரூபாய்க்குத் தொங்குவது உண்மையிலேயே குரோஷா என்றால், யாரோ ஒருவர் தம் வீட்டில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டது அது.

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக இந்தக் கலை வந்தது. இன்றும் அங்கே பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள், வெளிநாடுகளுக்குப் போகிறது. 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஆய்வு செய்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் எழுதினார்: ஏற்றுமதிக்காக நாள்தோறும் மணிக்கணக்கில் உழைத்த அந்தப் பெண்களை இல்லத்தரசிகள் என்றே கணக்கில் வைத்தார்கள், அவர்கள் உழைப்பை ஓய்வுநேர வேலை என்றார்கள். அப்படிச் சொன்னதால்தான் அவ்வளவு குறைந்த கூலி கொடுக்க முடிந்தது.

ஆகவே விலையை வைத்து வாதாடாதீர்கள். கேட்டவர் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்து ஒரே ஒரு வரிசை, 30 சிங்கிள், போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

பாதியில் நிற்கும் அந்த மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி, ஊசியில் மாட்டியிருப்பது. அதை விடுவித்து நூலை இழுத்தால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். காயும்போது சுருள் பெரும்பாலும் நீங்கிவிடும். போர்வையை மட்டும் பிரிக்க வேண்டாம். ஆறு வாரம் கழித்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிடிதுணி முடிந்ததும் படம் அனுப்புங்கள், இரண்டு ஓரமும் தெரியும்படி.

அன்புடன்,
அக்கா