நண்பர் தந்த பொட்டல மாத்திரை: எரிச்சல் அடங்கியது, சர்க்கரை ஏறியது

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 53. தறி வேலை. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அவர் கடிதத்தின் சாரம் இது:

"ஆறு மாசமா ராத்திரியில உள்ளங்கால் எரியுது டாக்டர். போர்வை பட்டாலே தாங்கல. சாயங்காலம் டீக்கடையில நாங்க நாலு பேர் உட்கார்ந்து அவங்கவங்க உடம்புக் கதையைப் பேசிக்குவோம். ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு பி.பி., இன்னொருத்தருக்கு எனக்கு மாதிரியே எரிச்சல். அவர்தான், 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு மச்சான், நான் போடுறதையே போடு'ன்னு ஒருத்தர்கிட்ட வாங்குற கவர் மாத்திரையைக் கொடுத்தார். நாலாவது நாளே எரிச்சல் பாதி குறைஞ்சது. ஒரு மாசமா போடுறேன். போன வாரம் சுகர் பார்த்தா 318. வேலூர் போனேன், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிட்டேன். வாசல்ல ஒருத்தர் 2,000 ரூபா கொடுத்தா சீக்கிரம் காட்டிடலாம்னார். கொடுக்கலாமா? காப்பீட்டு அட்டை இருக்கு, அதுல பார்க்க முடியுமா? மாத்திரையை நிறுத்திடவா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர்ந்து சாப்பிடவும் சொல்லவில்லை. நாளைக் காலை அந்தக் கவரை அப்படியே எடுத்துக்கொண்டு குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டர் மேசை மேல் வையுங்கள். அதுவரை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கவரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் எந்த வலியும் மூன்று நாளில் பறந்துபோகிறது, நன்றாகப் பசிக்கிறது, உடம்பு தெம்பாக இருக்கிறது, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் இருந்தவனுக்கு முதலில் தோன்றுவது ஸ்டீராய்டுதான். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று அதற்குப் பல பெயர். கூடவே ஒரு வலி மாத்திரையும் ஒரு அசிடிட்டி மாத்திரையும் சேர்த்து மடித்துக் கொடுப்பார்கள்.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்தாற்போல இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அவைதான் தினமும் சுரந்து கொடுக்கின்றன. அதே பொருள் மாத்திரையாக வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்தால், 'நம் வேலையை வேறு யாரோ பார்க்கிறார்கள்' என்று அவை சுரப்பதை நிறுத்திவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் போட்டவர் ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால், மாத்திரையும் இருக்காது, சுரப்பியும் விழித்திருக்காது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் என்று வரும். உயிர் போனதும் உண்டு. 'கெட்ட மாத்திரை என்று தெரிந்ததும் குப்பையில் போட்டுவிட்டேன் சார்' என்று பெருமையாகச் சொன்ன மறுநாள் ஸ்ட்ரெச்சரில் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். எல்லா போலி மாத்திரையையும் தூக்கி எறியுங்கள் என்று நாங்கள் மேடை போட்டுப் பேசுகிறோம். இந்த ஒரு மாத்திரைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. இதை டாக்டர் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கவர் தீர்ந்துவிட்டால் கொடுத்தவரிடமே மறுபடி போய் வாங்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, 'ஒரு மாசமா கவர் மாத்திரை போட்டேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை வேறு பக்கம் போய்விடும்.

ஆஸ்துமாவுக்கும் சில மூட்டு நோய்களுக்கும் டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார். அது வேறு. அங்கே சீட்டு இருக்கும், அளவு இருக்கும், எத்தனை நாள் என்று இருக்கும். இப்போது ஊர் ஊருக்கு நடப்பது அதுவல்ல. மெடிக்கலில் போய் 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க' என்றால், அட்டையிலிருந்து நாலு நிறத்தில் நாலு மாத்திரையை வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். வெட்டும்போது பெயர் அட்டையின் மறுபாதியில் கடையிலேயே தங்கிவிடும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று காட்ட அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதுவும் உங்கள் கைக்கு வராது. பெயர் இல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அரை அட்டை வாங்கினாலும் பெயர் இருக்கும் பாதியைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் நண்பர் நல்ல சீட்டோடு, நல்ல டாக்டரிடம் வாங்கிய மாத்திரையாகவே இருக்கட்டும். அப்போதும் அது உங்களுக்கு ஆகாது. எரிச்சலுக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரீகாபாலின் இரண்டையும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு போட வேண்டும். அதே எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் அவருக்கு நல்ல தூக்கம் தரும்; பிராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கோ சிறுநீர் அடைத்துக்கொள்ளும். எரிச்சல் ஒன்றேதான். அதற்கான காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்பது வருஷ சர்க்கரையால் நரம்பு நொந்திருக்கலாம். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 சத்து குறைந்தும் இதே எரிச்சல் வரும். அப்படியென்றால் அதைக் கொடுத்தாலே குறையத் தொடங்கிவிடும். தைராய்டு, குடி, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. சத்து மாத்திரைதானே என்று நரம்பு மாத்திரைகளை இரட்டிப்பாக விழுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பி6 அளவு மீறி மாதக்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நாளைக்கு டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: மூன்று மாத சராசரி சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், முடிந்தால் பி12. இதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. 'சார், என் காலைப் பாருங்க' என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிடுங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. நம் சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் நடப்பது என்ன? வரிசை, சீட்டு, ரத்தம், மறுநாள் முடிவு, அதே மாத்திரை, அடுத்த மாதம் வா. மேசைக்குக் கீழே இருக்கும் காலை யார் குனிந்து பார்க்கிறார்கள்? மதியத்துக்குள் நூற்றுக்கும் மேல் பேரைப் பார்க்கச் சொல்லி ஒற்றை டாக்டரை உட்காரவைத்தால் எப்படிக் குனிவார்? நானும் அந்த நாற்காலியில் இருந்து பலர் காலைப் பார்க்காமல் அனுப்பியவன்தான். அதில் ஒருவரை மறக்க முடியாது. ரப்பர் செருப்போடு வந்தார், காய்ச்சல் என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழறவில்லை. கீழிருந்து ஏறிய ஆணி செருப்பைத் துளைத்து அவர் பாதத்துக்குள் இருந்தது. இரண்டு நாளாக அதோடு நடந்திருக்கிறார். வலித்ததா என்று கேட்டேன். 'இல்லீங்களே' என்றார்.

எரிச்சல் இருக்கும்வரை நரம்பு இன்னும் சத்தம் போடுகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் தானாக அடங்கி மரத்துப்போவதுதான் எனக்குப் பயம். வலி இல்லாத கால்தான் புண்ணாகும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதே இந்த வேலூர் மண். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் காயம் தெரியாமல்தான் அழிகின்றன என்று டாக்டர் பால் பிராண்ட் இங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை செய்தபோதுதான் கண்டு சொன்னார். பிறகு கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்த வழியில் வேலை நடந்தது. அவர்களுக்குக் கொடுத்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்றைக்கு மரத்த கால் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோம். ஆனாலும் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து பாதம் முழுக்கக் கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். நம் ஊர்க் கருங்கல்லின் சூடு மரத்துப்போன காலுக்குத் தெரியாது. சாமி கும்பிடுங்கள், விடியற்காலையில் போங்கள்.

உங்கள் டீக்கடை நண்பர் உங்களுக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால் மாத்திரை வேண்டாம், அவர் விரலைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுங்கள். அவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஓரிரு நொடி பட்டால் போதும். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், கால் மரக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். பிறகு இடம் மாற்றி நீங்கள் அவருக்குச் செய்யுங்கள்.

இனி அந்த 2,000 ரூபாய். கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வெளிமாநிலத்துக்காரரிலிருந்து ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் நம்மூர்ப் பாட்டி வரை இந்தப் புரோக்கர்களிடம் பணத்தை விடுகிறார்கள். புரோக்கருக்கு உள்ளே எந்தக் கதவும் திறக்காது. உங்களிடம் வாங்கிய பெயரையும் வயதையும் வைத்து, எல்லோருக்கும் திறந்திருக்கும் பதிவைத்தான் தன் செல்போனில் போடுகிறார். சி.எம்.சி. உட்பட பெரிய மருத்துவமனைகளில் உங்கள் மகனோ மகளோ இணையத்தில் தாங்களே நேரம் பதிய முடியும். ஒரு படி மேலே போய் 'அங்கே வேண்டாம், எனக்குத் தெரிந்த இடத்தில் உடனே பார்ப்பார்கள்' என்று ஆட்டோவில் ஏற்றுகிறவர், உங்களைக் கொண்டுபோய் விடும் இடத்தில் கமிஷன் வாங்குகிறார். அந்தக் கமிஷன் நீங்கள் கட்டும் ஸ்கேன் பில்லுக்குள் இருக்கிறது. என் அக்காவையே அப்படி ஒருவர் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். தேவையில்லாத இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள். அதன் அறிக்கையைக் கேட்டபோது, 'டாக்டர் வரட்டும், நாளைக்கு வாங்க' என்று ஒரு வாரம் அலையவிட்டார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதியே சொல்கிறது. அதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்ட பிறகுதான் அறிக்கை வந்தது. டாக்டரான நானே அவ்வளவு கத்த வேண்டியிருந்தது என்றால் தறிக்காரர் என்ன செய்வார் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

காப்பீட்டு அட்டை பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து எடுக்கும் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குத்தான். ஓ.பி.யில், அதாவது புறநோயாளியாகக் காட்டி மாத்திரை வாங்குவதற்கு அது வராது. அட்டை போட்டுத்தர, புதுப்பிக்க என்று யார் பணம் கேட்டாலும் ஏமாற்று. சந்தேகமிருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

வேலூர் வரை வரவேண்டிய தேவை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. உள்ளூரில் பார்த்து, அவர்கள் எழுதிக் கொடுத்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பரிந்துரைச் சீட்டோடு போகும்போது அலைச்சல் குறையும். போகும்போது ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக்கொள்ளுங்கள்: சர்க்கரை எத்தனை வருஷம், இப்போது என்னென்ன மாத்திரை, எரிச்சல் எப்போது தொடங்கியது. இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும் என்றால் அந்த இரண்டு நிமிஷமும் உங்கள் காலுக்குப் போகட்டும். சர்க்கரை மாத்திரைக்காக மாதா மாதம் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்று டாக்டரிடம் போவதையே விட்டுவிடாதீர்கள். சர்க்கரை 318-இல் இருக்கும்போது தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசதியான தூக்கம் இவை சேர்ந்து வந்தாலும், காலில் புண்ணோ கருப்போ தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், காலை ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது.

நண்பரோடு மனஸ்தாபம் வந்துவிடுமோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவர் கெட்டது நினைத்துக் கொடுக்கவில்லை. தனக்குக் கேட்டதை உங்களுக்கும் கொடுத்தார். ஆனால் அவர் உங்களுக்கு முன்பிருந்தே அதைச் சாப்பிடுகிறார். முகம் உப்பியிருக்கிறதா, தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா என்று இன்று சாயங்காலம் டீக்கடையில் அவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாளைக் காலை வரிசையில் அவருடைய கவரோடு அவரையும் உங்களுக்கு முன்னால் நிறுத்துங்கள்.