பறப்பவரும் நடப்பவரும் ஒரே மேஜையில்: ரேஸ் பேலன்ஸ் கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ரேஸ்களுக்குள் (கேரக்டர்களின் இனங்களுக்குள்) பேலன்ஸ் வைப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. 2014 விதிகளை வைத்துப் பேசுகிறேன்; பின்னால் மாறியதை அங்கங்கே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் குழுவில் ஒருவர் ஆரகோக்ரா (பறவை மனிதர்). முதல் லெவலிலேயே பறக்கிறார். நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). தடை போட்டுவிடலாமா?

எது கெடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு அவுல்பேர் (ஆந்தையும் கரடியும் கலந்த மிருகம்) வருகிறது. அதற்கு இருப்பது அலகும் நகமும்தான். உங்கள் ஆள் லாங்போவோடு 100 அடி உயரத்தில் நின்றால் ஒரு கீறல் கூட விழாமல் அதைக் கொன்றுவிடலாம். கீழே நிற்கும் மூன்று பேருக்கும் அந்தச் சண்டையில் அர்த்தமே இல்லை. மதில் ஏறுவதற்கென்றே அத்லெட்டிக்ஸ் திறமை எடுத்து வைத்திருக்கும் ரோக்கின் (திருடன் வகை கேரக்டர்) நிலை இன்னும் மோசம். அவர் செய்ய வேண்டிய வேலையை இன்னொருவர் பகடை கூட உருட்டாமல் முடித்துவிடுகிறார். ரேஸ் பேலன்ஸ் என்றாலே நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒருவரின் சக்தி இன்னொருவரின் வேலையைப் பிடுங்குகிறதா?

விசார்டுக்கு (மந்திரவாதி) ஃப்ளை ஸ்பெல் (பறக்கும் மந்திரம்) கிடைப்பதே 5ஆம் லெவலில். அதுவும் பத்து நிமிடம்தான், கான்சன்ட்ரேஷன் வேறு (அடி வாங்கினால் மந்திரம் கலையலாம்). அதனால் என் மேஜையில் 5ஆம் லெவல் வரை ஒரு விதி உண்டு: பறக்கலாம், ஆனால் டர்ன் முடியும்போது காலடியில் ஏதாவது தரை இருக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டலாம், கூரைக்கு ஏறலாம், வானத்தில் நின்றபடி அம்பு விட முடியாது. 50 அடியாக இருந்த பறக்கும் வேகத்தை 2022இல் நடை வேகத்துக்கு இறக்கினார்கள். ஆனால் சிக்கல் வேகத்தில் இல்லை, மேலேயே நிற்பதில்தான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒவ்வொரு சண்டையிலும் எதிரிகள் எல்லோர் கையிலும் வில்லைக் கொடுப்பது. ஆசையாக எடுத்த கேரக்டருக்காக அந்தப் பிளேயரைத் தண்டிப்பது போல ஆகிவிடும்.

கேள்வி: மவுண்டன் டுவார்ஃபுக்கு (மலைக் குள்ளர்) திறன் போனஸ் +2, +2. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு +2, +1. இது அநியாயம் இல்லையா?

காகிதத்தில் அப்படித்தான் தெரியும். அந்த இரண்டும் ஸ்ட்ரெங்த்துக்கும் கான்ஸ்டிட்யூஷனுக்கும் போகின்றன. அவற்றை விரும்பும் ஃபைட்டருக்கும் பாலடினுக்கும் கவசப் பயிற்சி கிளாஸிலேயே (கேரக்டரின் தொழில்) இருக்கிறது, டுவார்ஃப் தரும் மீடியம் ஆர்மர் வீண். கவசம் தேவைப்படும் விசார்டுக்கோ ஸ்ட்ரெங்த் வீண். நல்ல கணக்கு இது. 2020இல் வந்த டாஷாவின் புத்தகம் (Tasha's Cauldron of Everything) போனஸை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றதும் கணக்கு உடைந்தது. இன்டலிஜென்ஸ் +2 வாங்கிக்கொண்டு ஸ்கேல் மெயில் போட்ட விசார்டுக்கு ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 16 வரை போகும், ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவே இல்லை. டாஷா விதி வைத்திருந்தால் டுவார்ஃபுக்கும் +2, +1 என்று மாற்றிவிடுங்கள். 2024 விதிகளில் போனஸ் பேக்ரவுண்டுக்குப் (கேரக்டரின் முன்வாழ்க்கை) போய்விட்டதால் அங்கே இந்தச் சண்டையே கிடையாது.

கேள்வி: ஹாஃப்லிங்கின் லக்கி எவ்வளவு பெறும்?

20 பக்கப் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதுதான் லக்கி. 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் 50 சதவீத வாய்ப்பு 52.5 ஆகும். அதாவது +1இல் பாதி. மேஜையில் 1 விழுந்து மறுபடி உருட்டும் சந்தோஷம் பெரிது, அதனால்தான் பெரிய சக்தி போலத் தெரிகிறது. கை வைக்காதீர்கள்.

கேள்வி: நானே ஒரு ரேஸ் எழுதுகிறேன். பெரிய பலம் கொடுத்துவிட்டு, ஈடாக ஒரு பலவீனம் வைத்தால் சரியாகிவிடுமா?

அந்தப் பலவீனம் உங்கள் கேம்பெயினில் வரும் என்றால் சரி. 2016இன் கோபோல்டைப் (சின்னப் பல்லி மனிதர்) பாருங்கள். பேக் டாக்டிக்ஸ் இருப்பதால், கூட்டாளி எதிரியின் பக்கத்தில் நின்றாலே தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கலாம்). 50 சதவீதம் 75 ஆகிவிடும். ஈடாக, வெயிலில் டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுக்க வேண்டும்). இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். திறந்தவெளிக் கதையில் இது அழகாக வேலை செய்யும். முழுக்கப் பாதாளத்திலேயே நடக்கும் கதையிலோ கோபோல்டுக்கு விலையே இல்லாத பலம்.

பழைய பதிப்புகளிலும் இதே ஓட்டை உண்டு. 1981 பேசிக் விதிகளில் எல்ஃப் வாளும் பிடிப்பார், மந்திரமும் போடுவார். இரண்டாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 2000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), எல்ஃபுக்கு 4000. உச்சம் 10ஆம் லெவல். எக்ஸ்பி விலையை முதல் நாளிலிருந்தே கட்டுகிறார், அது நியாயம். ஆனால் 7ஆம் லெவலில் முடிந்துவிடும் கேம்பெயினில் அந்த உச்சவரம்பு யாரையும் தொடுவதே இல்லை. அதனால் பலவீனம் எழுதும்போது, வரும் மூன்று அமர்வுகளில் அது எங்கே கடிக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் பலத்தைக் குறையுங்கள்.

கேள்வி: டிராகன்பார்ன் ஏன் இவ்வளவு மொக்கையாக இருக்கிறது?

டிராகன் போல எதிரிகள் மேல் விடும் மூச்சுக்கு ஒரு முழு ஆக்‌ஷன் போகிறது, அடுத்த ஓய்வு வரை ஒரு தடவைதான். ஒரு தாக்குதலுக்குப் பதிலாக மூச்சு விடலாம், ஒரு நாளுக்கு ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் பயிற்சி எண்) எவ்வளவோ அத்தனை தடவை என்று மாற்றுங்கள். 2024 விதி இதேதான்.

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து பேரும் வேரியண்ட் ஹியூமன்! யாரும் வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் மனிதனைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேரியண்ட் ஹியூமனுக்குக் கிடைக்கும் முதல் லெவல் ஃபீட்டைத் (கூடுதல் சிறப்புத் திறன்) தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஃபீட்டை எல்லா ரேஸுக்கும் கொடுத்துவிடுங்கள், மனிதனுக்கு மட்டும் இரண்டு. கிரேட் வெப்பன் மாஸ்டர், ஷார்ப்ஷூட்டர், போல்ஆர்ம் மாஸ்டர் என்ற ஃபீட்கள் மூன்றையும் 4ஆம் லெவலுக்குத் தள்ளிவையுங்கள். அப்புறம் ஐவரையும் மறுபடி ரேஸ் எடுக்கச் சொல்லுங்கள்.