ஒரு சாண் மேடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஃபுளோரிடாவில், டாம்பா நகரில் வசிக்கிறேன். வேட்டை என்பதைத் தாத்தா சொன்ன கதைகளில் மட்டுமே அறிந்தவன். சென்ற ஆண்டு பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, கிரீன் ஸ்வாம்ப் பொதுக்காட்டுக்கு மூன்று முறை மான் வேட்டைக்குச் சென்றேன். ஒவ்வொரு முறையும் விடியலுக்கு முன்பே இரண்டு மைல் உள்ளே நடந்து சென்று அமர்ந்தேன். ஒரு மானும் தென்படவில்லை. பன்றி கிளறிய மண் இருந்தது, பன்றி இல்லை. மூன்றாம் முறை வழிதவறி, இருட்டிய பிறகே சாலைக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் அந்தக் காட்டில் பல ஆண்டுகள் வேட்டையாடியவர் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். அறியாத சதுப்புக்காட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

ஆழம் என்ற சொல்லே உங்களைத் திசைமாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். விதலக்கூச்சி, ஹில்ஸ்பரோ, பீஸ், ஆக்லவாஹா ஆகிய நான்கு ஆறுகள் தலையெடுக்கும் இடம் அந்தக் காடு. ஆறு பிறக்கும் இடம் என்றதும் நமக்கு மலைமுகடுதான் நினைவுக்கு வரும். அங்கே போய் நின்றால் தாம்பாளம்போல் தட்டையான நிலம், எந்தப் பக்கம் போவது என்று தண்ணீரே தயங்கி நிற்கும் நிலம். அத்தகைய இடத்தில் ஒரு சாண் ஏறினால் காடே மாறிவிடும். தேங்கிய நீரில் சைப்ரஸ் மரம் நிற்கும். சற்றே மேடானால் பைன் மரமும் இடுப்பளவு பாமெட்டோப் புதரும். இன்னும் ஒரு சாண் ஏறினால் ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு, அதன் அடியில் இலையுதிர்காலத்தில் சிதறிக் கிடக்கும் ஓக் கொட்டைகள். மான் படுப்பது அத்தகைய காய்ந்த திட்டில். நடப்பது இருவகைச் செடிகள் சந்திக்கும் அந்த விளிம்பை ஒட்டி. நடப்பதற்கு எளிது என்பதால் இருட்டில் நீங்களும் அதே விளிம்பில்தான் இரண்டு மைல் நடந்திருப்பீர்கள். அதாவது, உட்காருவதற்கு முன்பே மான்களையெல்லாம் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். சாலையிலிருந்து முந்நூறு கஜத்தில், முழங்கால் நீரைக் கடந்தால் மட்டுமே எட்டக்கூடிய ஒரு திட்டை, காலணி நனைய விரும்பாத பெரும்பாலோர் தொடுவதே இல்லை.

மானையும் பன்றியையும் ஒரே நாளில் தேடுவது இன்னொரு பிழை. பன்றிக்குப் பார்வை மங்கல், மோப்பம் அபாரம். காற்று உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அதை நோக்கி மெல்ல நடந்தே நெருங்கிவிடலாம். மான் சிறு அசைவையும் கண்டுவிடும் என்பதால் அதற்குக் காத்திருப்பதுதான் முறை. ஒரு சிறு குப்பியில் முகப்பவுடரை எடுத்துச் சென்று அவ்வப்போது ஊதிப் பாருங்கள். அடர்காட்டில் காற்று நீங்கள் நினைக்கும் பக்கம் போவதில்லை. ஃபுளோரிடாவின் பொதுக்காடுகளில் மான் வேட்டையின்போது இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சுத் துணி அணிவது சட்டம். அதனால் மான் விலகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் அதற்குப் பளிச்சென்று தெரிவதில்லை. நீலச் சட்டையைத்தான் தவிர்க்க வேண்டும்.

சுவடுகளைப் பற்றி ஒன்று. மானின் குளம்பு முன்னால் கூர்ந்து இதய வடிவில் பதியும். பன்றியுடையது மழுங்கலாக, பின்விரல்கள் இருபுறமும் அகன்று விழும். ஆனால் எந்த விலங்கு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். சேற்றுச் சுவட்டில் ஊறிய நீர் இன்னும் கலங்கியிருந்தால், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். நீர் தெளிந்து அதில் ஒரு சருகும் மிதந்தால் அது பழங்கதை. கிளறிய மண்ணையும் அப்படியே பாருங்கள்; புரண்ட புல்லின் வேர் ஈரமாக, தாள் பச்சையாக இருக்கிறதா என்று. நீங்கள் கண்ட கிளறல் எத்தனை நாள் பழையது என்று எழுதவில்லை.

நவம்பரில் மான்கள் இணைதேடும் என்று வடமாநிலத்துக் கட்டுரைகளில் படித்துவிட்டு அதை நம்பிப் போகாதீர்கள். ஃபுளோரிடாவின் தெற்கே அது ஜூலையிலேயே தொடங்கிவிடும். வடமேற்கில் பிப்ரவரிவரைகூட நீளும். உங்கள் வட்டாரத்துக்கு எந்த மாதம் என்பதை அங்கேயே விசாரித்து அறிய வேண்டும்.

ஒரு மாலை, வெளிச்சம் போகும் நேரத்தில், மானைச் சுடும் பழக்கத்தில் ஒரு பன்றியின் தோளுக்குப் பின்னால் நடுவுடலில் சுட்டேன். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுடையவற்றைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி முன்தள்ளி இருக்கின்றன. வயதான ஆண்பன்றிக்குத் தோள்மீது கவசம்போல் தடித்த தோல் வேறு. குண்டு பின்னால் போய்விட்டது. இரத்தத் தாரையை நாற்பது கஜம் தொடர்ந்தேன். சைப்ரஸ் நீரின் விளிம்போடு அது முடிந்துவிட்டது. நீரில் தாரை ஏது? நள்ளிரவுவரை விளக்கோடு தேடினேன். காலையில் கழுகுகள்தான் இடத்தைக் காட்டின; அந்த வெப்பத்தில் இறைச்சி கெட்டுவிட்டிருந்தது. அதன்பிறகு நீருக்கு அருகில், அந்திக்குப் பின் நான் சுடுவதில்லை. சுடும் முன்பே உடலை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது என்று முடிவு செய்துகொள்கிறேன். வண்டியில் பனிக்கட்டிப் பெட்டி இருக்கும். இந்தக் காட்டுப்பன்றிகள் ஐரோப்பியர், 1539-இல் ஸ்பானியத் தளபதி டி சோட்டோவின் படை தொடங்கி, கொண்டுவந்திறக்கிய பன்றிகளின் வழிவந்தவை என்பதால் அவற்றின்மீது இங்கே யாருக்கும் இரக்கமில்லை. எனக்கு அந்தக் காலையில் இருந்தது. அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். காட்டுப்பன்றியின் இரத்தத்திலிருந்து புரூசெல்லா நோய் மனிதருக்குத் தொற்றும். இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேக வேண்டும்.

வழிதவறியதைப் பற்றி: கைப்பேசி வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நுழையும்போதே நீண்ட சாலை எந்தத் திசையில் கிடக்கிறது என்று மனத்தில் இருத்துங்கள். சாலை மேற்கே என்றால், குழம்பிய கணத்தில் திசைகாட்டியைப் பார்த்து மேற்கே நடந்தால் போதும். வண்டி நிற்கும் புள்ளியைத் தேடக் கூடாது, சாலை என்ற கோட்டைத் தேட வேண்டும். நீரில் கால்வைக்குமுன் கோலால் தட்டுங்கள். சைப்ரஸின் வேர்முட்டுகள் கணுக்காலை முறிக்கும்; நீர்ப்பாம்பு நகர்ந்து வழிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொடங்குவது எங்கே என்றுதானே கேட்டீர்கள்? துப்பாக்கி இல்லாமல், மான் வேட்டைக்காலம் முடிந்த பிறகு, மார்ச் மாதத்தில். அப்போது நீர் வடிந்து எங்கும் நடக்கலாம். அதுவே ஏமாற்றும் என்பதால் சைப்ரஸ் அடிமரங்களைப் பாருங்கள். மழைக்காலத்து நீர் நின்ற உயரத்தில் ஒரு கறைக்கோடு இருக்கும். அந்தக் கோட்டின் உயரத்துக்கு நிலம் முழுவதையும் மனத்துக்குள் நிரப்பிப் பார்த்து, அப்போதும் மூழ்காமல் எஞ்சும் திட்டுகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கிடைத்தாலும் போதும். அந்த வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள்.