தலைக்கட்டுக்கு ஓர் அடி: நீங்கள் போக வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். கோயில் கொடைவிழாப் பணத்தை எடுத்ததாகச் சந்தேகிக்கப்படும் இளைஞனை ஞாயிறன்று மரத்தில் கட்டி, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒருவர் வந்து ஓர் அடி அடிக்க வேண்டும் என்று கல்குளம் பக்கத்து உங்கள் ஊர்க்கூட்டம் முடிவெடுத்ததாகவும், "இது நம் வழக்கம்" என்று அப்பா உங்களை அனுப்பப் பார்ப்பதாகவும், மறுத்தால் கோயில் வரி வாங்காமல் ஊர்விலக்கு வைப்பார்கள் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

ஆளுக்கோர் அடி என்று பங்கிட்டுக்கொண்டால் பாவம் யாரையும் சேராது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம். அடிபடுகிற முதுகோ ஒன்றுதான், அத்தனை அடியும் அதன் மேல்தான் விழுகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ பொதுநோக்கத்தோடு கூடிக் குற்றம் செய்தால், அக்கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரும் குற்றவாளி என்கிறது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 190ஆம் பிரிவு. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்று 2011இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில், மார்பை மறைக்கும் தோள்சீலை அணியச் சில சாதிப் பெண்களுக்குத் தடை இருந்த காலத்தில், அதை மீறி அணிந்த பெண்களின் ஆடையைக் கிழித்தவர்களும் வழக்கத்தைத்தான் காரணம் காட்டினார்கள் என்பதையும், 1859இல் அன்று இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசே அந்தத் தடையைத் தளர்த்த நேர்ந்தது என்பதையும் அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு வரை காத்திராமல் இன்றே 112க்கு அழைத்து, இடத்தையும் நேரத்தையும் தெரிவியுங்கள். ஊர்விலக்கு வைத்தால், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.