டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கேட்டிருக்கலாம்: வீடு புதுப்பிப்பு கேள்வி பதில்

கே: பாத்ரூமில் புது டைல்ஸ் போட்டு மூன்று மாதம். கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம். டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி பசை அடைத்தால் நிற்குமா?

ப: எங்கே கசிகிறது என்று தெரியாமல் எதையும் அடைக்காதீர்கள். டேப்புகளை மூடி, லைனில் கை பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். பம்பின் அழுத்தமானியில் முள் இறங்கினால் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை. இறங்காவிட்டால், தரையில் தண்ணீர் வெளியேறும் ட்ராப்பின் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டுங்கள். ஓதம் கூடினால் குறை தரையில். பெரும்பாலும் ட்ராப்பைச் சுற்றிய இடுக்கு. கூடாமல், குளிக்கும்போது மட்டும் வந்தால் கழிவுக்குழாய் அல்லது ஷவர் சுவர்.

தரைதான் என்றால் உடைத்தாக வேண்டும். குழாயைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடுக்கடைக்கும் கலவை), மூலைகளில் வளைவான பூச்சு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். சுவரில் 1 அடி உயரம், ஷவர் பக்கம் 6 அடி. காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அதற்குமுன் டைல்ஸ் வேண்டாம். சரி செய்த பிறகும், ஸ்லாப்பில் ஊறியது சில வாரம் சொட்டும், பயப்பட வேண்டாம்.

கே: பாத்ரூம் தரையில் 2x4 அடி டைல்ஸ் போட்டோம். மூலையில் தண்ணீர் நிற்கிறது.

ப: வாட்டம் (சரிவு) இல்லை. மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. வேண்டும். நாலு பக்கமும் ட்ராப்பை நோக்கி இறங்க, பெரிய டைல்ஸ் வளையாது. 1x1 அடி போட்டிருக்க வேண்டும். இனி பெயர்ப்பதுதான் வழி.

கே: மொட்டை மாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே, வெயில் சூட்டைக் குறைக்கும் கூல் டைல்ஸ் ஒட்டலாமா?

ப: கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 அங்குலம் என்றால் சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 10 டன் புதுப் பாரம். அடியில் உள்ள விரிசலும் அப்படியே இருக்கும். பெயர்த்து, ஸ்லாப்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொருவர்: தட்டோட்டைப் பெயர்த்தால் ஸ்லாப் அதிரும். மேலேயே கோட்டிங் அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ப: உளியும் சுத்தியலுமாகப் பெயர்த்தால் அதிராது, பிரேக்கர் மெஷின் வேண்டாம். ஓட்டுக்கு அடியிலுள்ள சுண்ணாம்பு ஜல்லி ஈரமாக இருக்கும்போது மேலே கோட்டிங் அடித்தால், சித்திரை வெயிலில் உள்ளீரம் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும். தட்டிப் பார்த்து நாலைந்து ஓடு மட்டும் அடியில் பிடிப்பில்லாமல் டொக்கென்று கேட்டால், அவற்றை மாற்றி இடுக்கடைத்து, நன்றாகக் காயவிட்டுக் கோட்டிங் அடிக்கலாம். அதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன்.

அவரே: கம்பெனி பத்து வருடம் வாரன்டி தருகிறதே?

ப: அட்டையைப் படியுங்கள். டப்பாவில் இருக்கும் சரக்குக்கா, அடித்த வேலைக்கா?

கே: கிச்சனில் பிளக் பாயின்ட் போதவில்லை.

ப: வேலை தொடங்குமுன் மேடையில் வைக்கப்போகும் மெஷின்களை எண்ணியிருக்க வேண்டும். இப்போது சுவருக்கு வெளியே கேசிங் பட்டியில் இழுங்கள். கீஸருக்கும் ஏசிக்கும் தனித்தனி 4 சதுர மி.மீ. ஒயர், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

கே: ஹாலுக்கும் ரூமுக்கும் நடுச்சுவரை எடுக்கலாமா?

ப: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது. நானும்தான்.

கே: எங்கள் பாத்ரூமும் கசிகிறது...

ப: முதல் பதில்.

கே: பாத்ரூம் வாஸ்து?

ப: என் துறை இல்லை.

கே: தண்ணீர் கட்ட ஒரு ராத்திரி போதும் என்கிறார் கொத்தனார்.

ப: ஒரு ராத்திரியில் பெரிய ஓட்டைதான் தெரியும். 48 மணி நேரம்! சுவரில் பென்சில் கோடு போட்டு மட்டத்தைக் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் குறியுங்கள். பக்கெட்டில் குறைந்தது ஆவி. அதைவிடத் தரையில் அதிகம் குறைந்தால் கசிவு.